நீல பனியனும் நாலு சுற்றும்

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு நாள் எங்கள் பஸ்ஸைப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகி நாலைந்து வருஷம் இருக்கும். நாத்தனார் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். யாரோ மந்திரி வருகிறார் போல என்று பஸ்ஸில் முணுமுணுத்தார்கள். வந்தது மந்திரி இல்லை, சைக்கிள். நாற்பது ஐம்பது சைக்கிள்கள், குனிந்த முதுகும் கலர் கலர் பனியனுமாக, புடவையை உதறினால் வருமே அந்த மாதிரி ஒரு சத்தத்தோடு போய்விட்டன.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபோது இன்னும் ஒருத்தர் வந்தார். நீல பனியன். ஒல்லியான உடம்பு. பனியனுக்குள் நாலு தண்ணீர் பாட்டிலைச் சொருகி வயிறு புடைத்திருந்தது. முன்னால் போனவர்களைப் பிடிக்க மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போனார்.

"பாரு, கடைசி ஆளு. தோத்தவன்" என்று ஒருத்தர் சிரித்தார்.

"தோத்தவன் இல்லய்யா" என்றார் கண்டக்டர். "அவங்க டீமுக்குத் தண்ணி எடுத்துக்கினு போறாரு. பின்னாடி ஜீப்புல வாங்கிக்கினு போய் முன்னாடி போறவனுக்குக் குடுக்கணும். அதான் அவரு வேலை."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நான் நீல பனியன் கட்சி.

இதை வெளியில் சொல்ல வெட்கம். நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. மளிகைக்கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, கடைசியில் உப்பு வாங்காமலே திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு வேன் ஓட்டுகிற வேலை. அவர் டீக்கடையிலிருந்து கொண்டுவருகிற பேப்பரில் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பந்தயம் பற்றிய செய்தியைத் தேடுவேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றதால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு வருஷம் நீல பனியன் ஐந்தாவது. அடுத்த வருஷம் ஏழாவது. ஏழாவது என்று படித்த அன்றைக்குக் குழம்பில் புளி ஜாஸ்தியாகிவிட்டது, அது யாருக்கும் ஏன் என்று தெரியாது.

எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு மாசி மாதம் வீட்டுக்காரர் வந்து சொன்னார்: "அஞ்சு நாள் வாடகை வந்திருக்குது. சைக்கிள் பந்தயம். ஒரு டீமுக்கு நம்ம வேன்தான். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்க மாட்டேங்குதாம், சமைக்க ஆள் கேக்கறாங்க. நீ வர்றியா?"

"எந்த பனியன்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீலம்னு நெனைக்கறேன். ஏன்?"

"வரேன்."

பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கப் பயப்படுகிறவள் உடனே ஒத்துக்கொண்டதில் அவருக்கு ஆச்சரியம். ராத்திரிக்குள் மனசு மாறிவிடும் என்று நினைத்திருப்பார். விடிவதற்குள் ஸ்டவ், குண்டான், கரண்டி எல்லாவற்றையும் கோணியில் கட்டி வாசலில் வைத்திருந்தேன்.

அந்த டீமை ஒரு பஞ்சாலை வைத்திருந்தது. ஆறு பேர். ஆலைக்குள் வேலை கிடையாது, சைக்கிள் ஓட்டுவதற்கே சம்பளம். மேனேஜர் ஒருத்தர், கோயமுத்தூர்ப் பக்கம், எதற்கும் "ஏனுங்க" போட்டுப் பேசுவார். ஆட்களை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகில் இருந்த நம்பர்தான் எனக்குப் பேர். நாலாம் நம்பர்தான் வேகக்காரர். அவரை ஜெயிக்க வைக்கத்தான் மற்றவர்கள். ஏழாம் நம்பரைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒல்லி உடம்பு, பாட்டில்களைச் சொருகிச் சொருகித் தொளதொளவென்று இழுபட்ட பனியன். முப்பது வயசுக்கு மேல் இருக்கும், மற்ற எல்லாரையும்விட மூத்தவர். ஓட்டம் முடிந்ததும் மற்றவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள். இவர் பாட்டில்களை எண்ணிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பார்.

வேலூரில் ஆரம்பம். ஒவ்வொரு நாளும் ஒரு ஊரில் முடியும், மறுநாள் அங்கிருந்து புறப்படும். நாங்கள் பள்ளிக்கூட வராண்டாக்களில் தங்கினோம். நான் மூன்றரை மணிக்கெல்லாம் ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். இட்லி, சப்பாத்தி, அவித்த முட்டை. அப்புறம் வேனில் பாத்திரங்களோடு உட்கார்ந்து அவர்கள் பின்னாலேயே போவேன். முதல் நாள் என் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு நாலாம் நம்பர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"டிரைவரண்ணே, அக்கா இந்தக் காரத்தைத் தினமும் போட்டா நான் மிதிக்கவே வேணாம், சைக்கிள் தானா ஓடும்."

"இது கம்மி. எனக்குப் போடுறதைப் பாத்தா நீ அழுதுடுவ" என்றார் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் வேன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவேன். மறுநாள் காரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

கணக்கு எப்படி என்று வீட்டுக்காரர்தான் வேனில் விளக்கினார். ஒவ்வொரு நாளும் ஒரு டீமில் முதலில் வருகிற மூன்று பேருடைய நேரத்தைக் கூட்டுவார்கள். ஐந்து நாளும் கூட்டி எது கம்மியோ அந்த டீம் முதலிடம். ஒரு நாள் மூன்று பேருக்கும் கீழே போனால் அவ்வளவுதான், டீமையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் பின்னால் ஒரு லாரி வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவர் சைக்கிளை லாரியில் போட்டுவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் முடிவில் நீல பனியன் இரண்டாவது இடத்தில் இருந்தது. அன்றைக்கே ஒருத்தர் விழுந்து தோள்பட்டையில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றாம் நாள் செஞ்சி தாண்டி, ஓட்டம் முடிந்த ஊரில், வேண்டாம் வேண்டாம் என்று மேனேஜர் கத்தியும் கேட்காமல் மூன்று பேர் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தார்கள். ராத்திரிக்குள் மூவருக்கும் வாந்தியும் பேதியும். நாலாம் நாள் அதில் இரண்டு பேர் பாதி வழியில் லாரி ஏறினார்கள். மூன்றாமவர் ஏழாம் நம்பர். அவர் ஏறவில்லை.

அன்று காலை அவருக்கு எது கொடுத்தாலும் வெளியே வந்தது. நான் சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, உப்பும் ஒரு சிட்டிகை சீரகப்பொடியும் போட்டு, ஆறவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பினேன். அது மட்டும் நின்றது. அன்றைய ஓட்டம் முடிகிற எங்கள் ஊருக்கு அவர் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தார். மேனேஜரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நாளைக்கும் அந்தத் தண்ணி வேணும்."

இப்போது நீல பனியனில் மிச்சம் மூன்றே பேர். நாலு, ஒன்பது, ஏழு. ஏழாம் நம்பர் உட்கார்ந்துவிட்டால் டீமே இல்லை.

கடைசி நாள் ஓட்டம் எங்கள் ஊர் மலையைச் சுற்றி. நாலு சுற்று. வெயில் வேறு. வண்டியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, ஊருக்கு வெளியே ரோட்டோரம் நின்று கையில்தான் கொடுக்கலாம் என்று அந்த நாளுக்குத் தனிச் சட்டம். ஏழாம் நம்பரால் வெறும் வயிற்றோடு ஒரு பாட்டிலுக்கு மேல் சுமந்துகொண்டு ஓட்ட முடியாது. இரண்டாவது பாட்டில் வழியில் கிடைத்தாக வேண்டும். மேனேஜர் மற்ற இருவருக்கும் செங்கம் ரோட்டுப் பக்கம் நிற்கவேண்டும். வீட்டுக்காரர் மாற்றுச் சக்கரங்களோடு பின்னாலேயே வேன் ஓட்டவேண்டும்.

"ஆளு இல்லீங்களே" என்று மேனேஜர் தலையில் கை வைத்தார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், உடனே சிரித்தார். "இவளா? காய்கறிக் கடையில தக்காளிக்கே கை நீட்டமாட்டா சார். இவ பாட்டில நீட்டுவாளா?"

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கஞ்சி என் கஞ்சி.

"நான் நிக்கறேன்னு சொல்லுங்க" என்றேன், அவரைப் பார்த்துத்தான்.

"ஏத்தத்துல நிக்கணுங்க" என்றார் மேனேஜர். "அங்கதான் வண்டி மெதுவா வரும். எறக்கத்துல நின்னா கையப் புடுங்கிட்டுப் போயிடும்."

பந்தயக்காரர்கள் கொடுத்திருந்த வரைபடத்தை விரித்தார்கள். மலை, அதைச் சுற்றி ரோடு, இங்கிலீஷ் எழுத்து, சின்னச் சின்ன அம்புக்குறிகள். எங்களுக்கு எதற்கு வரைபடம்? பிறந்ததிலிருந்து சுற்றுகிற மலை. ஆதியண்ணாமலைக்கு முன்னால் ரோடு பள்ளத்தில் இறங்கி, ஒரு ஓடைப்பாலத்தைத் தாண்டி மேலே ஏறும். வீட்டுக்காரர் காலையில் என்னை வேனில் கொண்டுபோய் அந்த ஏற்றத்தின் நடுவில், ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டார்.

"இங்கயே நில்லு. பாலம் தாண்டி மேல வருவாங்க. நல்லா மெதுவாதான் வரும். கைய நீட்டு, கண்ண மூடிடாத."

பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன். பக்கத்து ஊர் ஜனங்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி கேட்டாள்: "இன்னாம்மா அது, துணி சுத்தி, குழந்தை மாதிரி வெச்சிக்கினு இருக்க?"

"கஞ்சி."

"இன்னும் சாப்பிடலியா நீ?"

"எனக்கு இல்ல. ஏழாம் நம்பருக்கு."

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். நாங்கள் எல்லாருமே பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நூறு பேர் இருப்போம். ஒருத்தர்கூட மற்றப் பக்கம் திரும்பவில்லை.

விசில் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்புவதற்குள் மேலேயிருந்து மோட்டார் சைக்கிள் வந்தது, அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் இறக்கத்தில் கொட்டின சரக்கு மாதிரி வந்தது. சேலைத் தலைப்பு பறந்தது. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். நாலாம் நம்பர் போனார், ஒன்பது போனார். கொஞ்சம் பின்தங்கி ஏழாம் நம்பர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிரேக்கைக்கூடப் பிடிக்காமல். நான் பாட்டிலைத் தூக்கக்கூட இல்லை. எங்கள் வேனும் நிற்காமல் அவர்கள் பின்னாலேயே போய்விட்டது.

"அய்யய்யோ, இன்னாடி இது, அந்தப் பக்கமா வர்றாங்க!"

"வழி தெரியாம வந்துட்டானுங்களா?"

"மலைய எடப்பக்கம் வெச்சு எவனாவது சுத்துவானா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார் ஒரு பெரியவர்.

"பஸ்ஸு லாரியெல்லாம் ரெண்டு பக்கமும்தானே போவுது" என்றான் இன்னொருத்தன்.

"அது போவுது. இது சுத்துது. ரெண்டும் ஒண்ணா?"

அவர்கள் சண்டை போடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அந்த அம்புக்குறிகள் ஞாபகம் வந்தன. எங்கள் கண் முன்னால்தான் இருந்தன. வெளியூர்க்காரரான மேனேஜர் அம்பைப் பார்த்தபடியே புரிந்துகொண்டிருப்பார். மலையைச் சுற்றுவது என்றால் ஒரே பக்கம்தான் என்று நினைத்த எங்களுக்குத்தான் அம்பு தெரியவில்லை.

நான் நின்ற ஏற்றம் அவர்களுக்கு இறக்கம். அவர்களுக்கு ஏற்றம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நான் வேனில் வந்த வழி. அதாவது நான் திரும்பி நடக்கவேண்டும், மலை எனக்கு இடது பக்கமாக.

அங்கே குடியிருக்கிறவர்கள் ஆடுமாடு ஓட்டிக்கொண்டு தினமும் இரண்டு பக்கமும் போகிறார்கள், அவர்களுக்கு அது தெரு. எனக்கு அப்படி இல்லை. அந்த ரோட்டில் கால் வைத்த நாளெல்லாம் வலமாகத்தான் போயிருக்கிறேன். ஒருமுறை செருப்பு அறுந்து விழுந்ததைக்கூடப் பத்தடி திரும்பிப் போய் எடுக்காமல் விட்டு வந்தவள். புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அடுத்த சுற்று அரைமணிக்குள் வந்துவிடும். மலையைப் பார்த்து, "கோவிச்சுக்காத, அப்புறமா நேர் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். நடை இல்லை, ஓட்டம். பாலத்தில் ஒரு கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, எதிர் ஏற்றத்தில் பாதி வரை போய் நின்றேன்.

இரண்டாவது சுற்று. இந்த முறை சரியான இடம். முன்னால் வந்தவர்கள் பாலம் தாண்டி உட்கார முடியாமல் எழுந்து எழுந்து மிதித்து வந்தார்கள், முகத்தில் வியர்வை எண்ணெய் மாதிரி. அவர்கள் போய் வெகுநேரம் கழித்து ஏழாம் நம்பர் வந்தார். உதடு வெளுத்திருந்தது. நான் ரோட்டோரம் கையை நீட்டினேன். கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பொய் சொல்லுவானேன், சுற்றிலும் ஆம்பிளைகள், என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அவர் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு என் கைக்கு ஒரு முழம் தள்ளிப் போய்விட்டார். அவருடைய பாட்டில் காலி என்பது அது ஆடிய ஆட்டத்திலேயே தெரிந்தது.

கொஞ்சம் பின்னால் லாரி போனது. மேலே நாலு பேர், நாலு பேரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வந்தது பார் ஒரு கோபம், என் மேலேயே. அஞ்சு நாள் மூன்றரை மணிக்கு எழுந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் வாய் திறக்காமல் நிற்கவா வந்தேன்? துணியை மறுபடி நனைக்கப் பாலத்துக்குக் கீழே இறங்கினேன். ஓடையில் ஒரு குட்டைதான் மிச்சம். துணியை நனைத்துப் பாட்டிலைச் சுற்றினேன். யாரும் இல்லாத அந்தப் பாலத்தடியில், "ஏழாம் நம்பர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் உரக்க இன்னொரு முறை. மூன்றாவது முறை பாலம் திருப்பிச் சொன்னது.

மூன்றாவது சுற்றில் நான் ஓரத்தில் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரோட்டுக்குள் இரண்டடி வந்து நின்றேன்.

"ஓரம் போம்மா! போலீஸ் திட்டுவாங்க!" என்றது ஒரு குரல்.

"திட்டட்டும்" என்றேன்.

அவர் பாலத்தில் ஏறும்போதே ஆரம்பித்தேன். "ஏழாம் நம்பர்! ஏழாம் நம்பர்!" தலை நிமிரவில்லை. சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது, காலை ஊன்றிவிடுவார் போல இருந்தது. ஊன்றினால் மறுபடி ஏறமாட்டார் என்று எனக்குத் தெரியும். எதிரே ஓடினேன், பக்கத்தில் வந்ததும் திரும்பிக் கூடவே ஓடினேன். "தம்பி! கஞ்சி! ஏ தம்பி, கஞ்சி வந்திருக்குது பாரு, கஞ்சி!"

அந்த வார்த்தை அவருக்குக் கேட்டது. தலை நிமிர்ந்தது. என்னை யாரென்று தெரிய ஒரு நொடி ஆனது, அப்புறம் கை வந்தது. பாட்டிலை அவர் கையில் அழுத்தினேன். ஈரத்துணி என் கையோடு வந்துவிட்டது. அவர் பல்லால் மூடியைத் திறந்து குடித்துக்கொண்டே போனார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில் எனக்கா அவருக்கா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு அங்கேயே நின்றேன். வெயில் ஏறிப் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் வந்தது. முதல் கூட்டம் போனது, அதில் நாலாம் நம்பர். ஒன்பது தனியாகப் போனார். அப்புறம் ஒன்றுமே வரவில்லை. இரண்டு பச்சை பனியன், ஒரு சிவப்பு. மறுபடி ஒன்றுமில்லை. லாரியின் ஹாரன் மட்டும் மேலே கேட்டது. லாரியில் இருப்பாரோ என்று குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பார்த்தேன்.

இறக்கத்தில் முதலில் நீலம் தெரிந்தது. அவர் பின்னாலேயே லாரி, இருபதடி தள்ளி, துரத்துகிற மாதிரி. அவர் பாலம் தாண்டினார், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். என் பக்கத்தில் வரும்போது காலிப் பாட்டிலை நீட்டினார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். லாரிக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடம் கொஞ்சம் அகலமானதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

வேன் என்னை ஏற்றிக்கொள்ள வரும் என்று பேச்சு. நான் காத்திருக்கவில்லை. மலைக்குச் சொன்ன வார்த்தை இருந்தது. வலது பக்கம் மலையை வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன், புளியமரத்தைத் தாண்டினேன், ஆதியண்ணாமலை வழியாக நடந்தேன். தார் சுட்டது. கையில் காலிப் பாட்டிலோடு வந்தவளை ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேன் நின்றது. டீமும் மேனேஜரும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? ரெண்டு வாட்டி தேடிக்கினு வந்தேன்!" என்றார் வீட்டுக்காரர். "போட்டோ எடுத்தாங்க, அக்கா எங்க அக்கா எங்கன்னு கேட்டாங்க."

"வந்துட்டாங்களா? மூணு பேரும்?"

"வந்துட்டாங்க. லாரி பின்னாடியே வந்துது. டீமு மூணாவது எடம்."

அப்பாடா என்று படியில் உட்கார்ந்தேன்.

"நீ எங்க போன, அத சொல்லு."

"மலைய எடப்பக்கமா வெச்சு நடந்துட்டேன். அதான் நேர் பண்ணிட்டு வரேன்."

அவர் முகம் மாறியது. "நான் நாலு சுத்து வேன் ஓட்டினேனே, எனக்கு?"

"உங்களுக்கு நாலு பாக்கி" என்றேன்.

மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அடுத்த நாலு பௌர்ணமியும் யாரிடமும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்வந்தார்.

ஏழாம் நம்பர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் பாட்டில்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. நான் கொண்டுபோன பாட்டிலைக் கழுவி வரிசைக் கடைசியில் கவிழ்த்தேன்.

"ஒண்ணு கம்மியா இருந்துச்சு. சரியாப் போச்சு" என்றார். அப்புறம், "அடுத்த வருஷம் எந்தப் பக்கம் நிப்பீங்க அக்கா?"

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஏழாம் நம்பரைப் பார்த்தே சொன்னேன்.

"அம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். மொதல்ல சாப்பிடுங்க, காலையிலயே சோறு குழைவா வடிச்சு வெச்சிருக்கேன்."